மாற்றுத்திறனாளிகளின் பொழுதுபோக்கும் அரசுப் பணமும்: ஆஸ்திரேலியாவின் அனுபவம்

உணவு, உடை, உறைவிடம் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று பள்ளிப் பாடங்கள் சொல்கின்றன. சினிமா பார்ப்பதும், நீச்சல் அடிப்பதும், நண்பர்களோடு ஊர் சுற்றுவதும் அந்தப் பட்டியலில் இல்லை. இவை எதுவுமே இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும்? மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் பணம் இவற்றுக்கும் உதவ வேண்டுமா? இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியா காலத்துக்கு ஏற்ப வெவ்வேறு பதில்களைச் சொல்லியிருக்கிறது.

வயிற்றுக்கு மட்டும்

1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர்களுக்கான ஓய்வூதியம் 1910 டிசம்பரில் தொடங்கியது. அதிகபட்சத் தொகை ஆண்டுக்கு 26 பவுண்டு, அதாவது வாரத்துக்கு 10 ஷில்லிங். பூர்வகுடி மக்களுக்கும், ஆஸ்திரேலியாவில் பிறக்காத ஆசியர்களுக்கும் அது மறுக்கப்பட்டது. பட்டினி கிடக்காமல் காப்பதே அதன் நோக்கம். பொழுதுபோக்கு என்ற பேச்சே எழவில்லை. பலர் பெரிய விடுதிகளில், ஊரை விட்டு ஒதுங்கியே வாழ்ந்து முடித்தனர்.

உரிமையாக மாறிய கதை

2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தின் 30-ஆம் பிரிவு, கலை, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் பங்கேற்பதை உரிமை என்றது. ஆஸ்திரேலியா 2008-இல் இதை உறுதிசெய்தது. அடுத்த ஆண்டு வெளியான 'ஷட் அவுட்' என்ற அறிக்கை, மாற்றுத்திறனாளிகளும் குடும்பத்தினரும் சமூகத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நிலையை அவர்கள் வாய்மொழியாகவே எடுத்துரைத்தது.

2013-இல் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டச் சட்டம் நிறைவேறியது. நிதிக்காக மெடிக்கேர் வரி 2014 ஜூலையில் 1.5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்ந்தது. ஒவ்வொருவருக்கும் தனித் திட்டம். அதில் சமூகப் பங்கேற்புக்கும் இடம் உண்டு. 2025-இல் பயனாளிகள் 7 லட்சத்தைத் தாண்டினர்.

டிக்கெட் யாருடையது?

இத்திட்டத்தின் அடிப்படை விதி எளிமையானது. எல்லோரும் செய்யும் செலவை அவரவரே செய்ய வேண்டும். ஊனத்தால் கூடும் செலவை மட்டுமே திட்டம் ஏற்கும். தியேட்டருக்குத் துணையாக வரும் உதவியாளரின் ஊதியத்தைத் திட்டம் கொடுக்கும்; சினிமா டிக்கெட்டுக்குக் கொடுக்காது. சாதாரண சைக்கிள் கிடைக்காது. உடல்நிலைக்கு ஏற்ப மாற்றியமைத்த சைக்கிளைக் கேட்கலாம். உதவியாளரின் டிக்கெட்டுக்கும் ஒரு வழி உண்டு. விக்டோரியா மாநிலம் 2003-இல் தொடங்கிய துணைவர் அட்டையைக் காட்டினால், அதை ஏற்கும் இடங்களில் துணைக்கு வருபவருக்குக் கட்டணம் இல்லை.

விதி எளிது, கோடு போடுவதுதான் கடினம். ஒருவருக்கு எது 'நியாயமானது, அவசியமானது' என்பதை அவரவர் நிலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றது சட்டம். அதனால் வழக்குகள் வந்தன. 2020 மே மாதம், கடும் நோயால் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்குப் பாலியல் சேவைக்கான உதவியையும் வழங்கலாம் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. பெரும் விவாதம் எழுந்தது. செலவும் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது.

2024-இல் சட்டம் திருத்தப்பட்டது. அக்டோபர் 3 முதல், எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை என்ற பட்டியல்கள் நடைமுறைக்கு வந்தன. பாலியல் சேவை, கச்சேரி டிக்கெட், கப்பல் சுற்றுலா போன்றவை 'இல்லை' என்ற பட்டியலில் சேர்ந்தன.

முடிவுரை

பட்டியல் வந்ததால் குழப்பம் குறையும், பொதுப்பணம் வீணாகாது என்பது ஒரு தரப்பு. தனி மனிதரைப் பார்த்து எடுத்த முடிவைப் பட்டியலைப் பார்த்து எடுப்பதா என்பது மறுதரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓய்வூதியத்தை மட்டுமே நம்பி வாழ்பவருக்கு உதவியாளர் வந்து வாசலில் நின்றாலும், டிக்கெட் வாங்கக் கையில் காசு இல்லையென்றால் அன்றைய படம் இல்லை. 1910-இல் வயிற்றை மட்டும் பார்த்த அரசு, இன்று தியேட்டர் வாசல் வரை கூட வருகிறது. அது பெரிய தூரம்தான். வாசலுக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள அந்தச் சில அடிகள்தான் இன்னும் மிச்சம்.