காப்பு

'கா' எனும் வேரில் பிறந்த சொல். காவலும் காவலரும் இதன் உடன்பிறப்புகள். வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டில் குழந்தையின் கையில் மின்னுவதும் காப்பு. சுற்றூர் மாரியம்மன் திருவிழாவில் மஞ்சள் கயிறாய்க் கட்டுவதும் காப்பு. போலீஸ் மாட்டும் விலங்கும் பேச்சில் காப்புதான், கொஞ்சம் கிண்டலாக.

சட்டத்திலோ காப்பு காவலர் பக்கம் சாய்கிறது. கடமையின்பேரில் செய்ததற்காக அரசு ஊழியர் பலர்மீது குற்ற வழக்கு நடத்த அரசின் முன்அனுமதி வேண்டும்: முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218. (சுரக்ஷாவுக்கும் பொருள் காப்பே!)

இழப்பீட்டுக்கு வழி வேறு. ஒடிசாவில் காவலில் மகனை இழந்த நீலாபதி பெஹரா வழக்கில், 1993இல், அரசின் இறையாண்மைக் காப்பு அடிப்படை உரிமை மீறலுக்குச் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 1,50,000 ரூபாய் கொடுக்கவும் சொன்னது.