தறியும் வரைபடமும்

கடைசல் இயந்திரத்தின் முன்னே ஒரு தொழிலாளி நிற்கிறார். அவர் கடைந்தெடுக்க வேண்டிய இரும்புத் தண்டின் விட்டம் 25 மில்லிமீட்டர். முடிந்த தண்டொன்றை அளந்து பார்க்கிறார், 25.02 என்று காட்டுகிறது. இப்பொழுது அவர் என்ன செய்ய வேண்டும்? வெட்டுளியை நகர்த்துவதா? இயந்திரத்தை நிறுத்துவதா? அன்றி, ஒன்றும் செய்யாது அடுத்த தண்டைப் பூட்டுவதா? அரை நிமிடத்திற்குள் முடிவு செய்தாக வேண்டும். தொழிற்சாலையின் ஆக்கமும் கேடும் இத்தகைய சிறு முடிவுகளையே பொறுத்திருக்கின்றன. அம்முடிவுகளைச் செவ்வனே செய்வதற்கு மனிதன் கண்ட துணைகளின் வரலாற்றையே இன்று காண இருக்கிறோம்.

பழைய முறை எளியது. பொருள்களையெல்லாம் செய்து குவித்த பின்னர், சோதனையாளர் ஒருவர் நல்லன இவை, தீயன இவை என்று பிரித்துவிடுவார். ஆனால் குற்றமுள்ள பொருள் அதற்குள் பிறந்துவிட்டது. இரும்பும் உழைப்பும் வீணாயின. வெள்ளம் வடிந்த பின் அணை கட்டியதைப் போன்றது அது. குற்றம் பிறக்கும் இடத்திலேயே, பிறக்கும் வேளையிலேயே அதனை அறிவிக்க வழியில்லையா? இக்கேள்விக்கு 1924ஆம் ஆண்டில், ஒன்றையொன்று அறியாத இரு நாடுகளில், இரண்டு விடைகள் உருப்பெற்றன.

முதல் விடை ஜப்பானில் எழுந்தது. சாக்கிச்சி டொயோடா என்பவர் 1867இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். தறியைச் சீர்திருத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். பாவு நூல் ஒன்று அறுந்தால் அத்தறியில் அதன்பின் நெய்யும் துணியெல்லாம் பழுதாகிவிடும். அதனால் ஒவ்வொரு தறியையும் ஒருவர் கண்கொட்டாமல் காவல் காக்க வேண்டியிருந்தது. 1924இல் டொயோடா நிறைவுசெய்த தானியங்கித் தறியோ, நூல் அறுந்த கணமே தானாக நின்றுவிட்டது. காவல் வேலையைத் தறியே மேற்கொண்டமையால், ஒருவரே பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. அவர் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. அறிவுக்கோ வேலை வந்தது. தறி ஏன் நின்றது என்று ஆராய்வது அவர் பொறுப்பாயிற்று. இத்தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம் 1929இல் விலைக்கு வாங்கிற்று.

இரண்டாம் விடை அமெரிக்காவில் எழுந்தது. சிகாகோ நகரின் அருகே, ஹாதார்ன் என்னுமிடத்தில், தொலைபேசிக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை இருந்தது. அங்குப் பணிபுரிந்த வால்ட்டர் ஷூஹார்ட் என்னும் இயற்பியலறிஞர், 1924 மே 16ஆம் நாள் தம் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு எழுதினார். அது ஒரே பக்கம். அதிலும் ஒரு பகுதியை வரைபடம் அடைத்துக்கொண்டது. அப்படமே இன்று உலகெங்கும் வழங்கும் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தின் மூலம்.

அதன் கருத்து யாது? ஒரே இயந்திரத்தில், ஒரே கை செய்யும் இரு பொருள்களும் முற்றும் ஒத்திரா. இயற்கையான ஏற்றத்தாழ்வு என்றும் உண்டு. அது ஒரு வகை. வெட்டுளி தேய்வது, திருகு தளர்வது போன்ற தனிக் காரணத்தால் வரும் மாறுபாடு இன்னொரு வகை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஷூஹார்ட் காட்டிய வழி. மணிக்கு ஒருமுறை ஐந்து பொருள்களை எடுத்து அளந்து, சராசரியைத் தாளில் புள்ளியாக இட வேண்டும். நடுவே ஒரு கோடு. மேலும் கீழும், புள்ளியியல் கணக்குப்படி, ஓர் எல்லைக்கோடு. இயற்கையான ஏற்றத்தாழ்வால் மட்டும் புள்ளி எல்லையைத் தாண்டுவது ஆயிரத்துக்கு மூன்று முறை அளவே நிகழும். ஆகவே, தாண்டினால் காரணத்தைத் தேடு. தாண்டாவிடில் இயந்திரத்தைத் தொடாதே.

தொடாதே என்பதுதான் வியப்புக்குரிய அறிவுரை. நம் கடைசல் தொழிலாளியை நினைவுகூர்வோம். 25.02 என்பது தற்செயலாக வந்த அளவு என்று கொள்வோம். அவர் பதறி, வெட்டுளியை அந்த 0.02 அளவுக்கு நகர்த்திவிடுகிறார். இயல்பாக 24.98 ஆக வந்திருக்க வேண்டிய அடுத்த தண்டு 24.96 ஆகிவிடுகிறது. திருத்தத் திருத்தப் பிழை பெருகுகிறது. செய்ய வேண்டிய வேளையில் செய்யாமை ஒரு குற்றம் என்றால், செய்ய வேண்டாத வேளையில் செய்தலும் குற்றமே.

இக்கருத்து கடல் கடந்தது. பேராசிரியர் மகலனோபிஸின் ஏற்பாட்டில் ஷூஹார்ட் 1947-48இல் இந்தியா வந்து, நம் தொழிலதிபர்களிடையே இதனைப் பரப்பினார். 1950இல் எட்வர்ட்ஸ் டெமிங் என்னும் அமெரிக்கப் புள்ளியியலறிஞர் ஜப்பானில் இதனைக் கற்பித்தார். மறு ஆண்டே அவர் பெயரால் அங்கு ஒரு விருது ஏற்பட்டது. அவ்விருதை 1998இல் சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு பெற்றது. இந்திய நிறுவனமொன்று அதனைப் பெற்றது அதுவே முதன்முறை.

இதற்கிடையே தறியின் பாடமும் வளர்ந்தது. டொயோடாவின் மகன் 1937இல் நிறுவிய மோட்டார் தொழிற்சாலையில், பிற்காலத்தில் ஒரு கயிறு தொங்கவிடப்பட்டது. குறை கண்ட தொழிலாளி அக்கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும், மேற்பார்வையாளர் ஓடிவருவார், குறை உடனே தீராவிடில், நகர்ந்துகொண்டிருக்கும் வேலை வரிசை முழுவதுமே நின்றுவிடும். கடைநிலைத் தொழிலாளியின் கையில் எத்தகைய அதிகாரம்! கயிற்றை இழுத்தவரைக் கடிந்துகொண்டால் மறுநாள் எவரும் இழுக்கமாட்டார். அப்பொழுது விளக்கு இருந்தும் இருளே.

இன்று தாளும் கயிறும் புதுவடிவம் கொண்டுள்ளன. இயந்திரத்தில் பொருத்திய உணர்கருவிகள் வெப்பத்தையும் அதிர்வையும் மின்னோட்டத்தையும் நொடிக்குப் பலமுறை அளக்கின்றன. கணினி வரைபடத்தைத் தானே வரைந்து திரையில் காட்டுகிறது. உருளை பழுதாகுமுன்னரே எச்சரிக்கிறது. ஜெர்மனி 2011இல் இதனை நான்காம் தொழிற்புரட்சி என்ற பொருள்படப் பெயரிட்டு ஹானோவர் கண்காட்சியில் அறிமுகம் செய்தது. ஆயினும் பழைய கேள்வி மாறவில்லை. எல்லைக்கோட்டை மிக நெருக்கமாக வரைந்தால் எச்சரிக்கை மணி ஓயாது ஒலிக்கும். ஓயாது ஒலிக்கும் மணியை எவரும் செவிமடுப்பதில்லை. மிக அகலமாக வரைந்தால் உண்மையான கேடும் ஓசையின்றி நுழைந்துவிடும். எங்கே கோடு வரைவது என்பதை அறிய, அத்தொழிலை அறிந்த மனிதன் வேண்டும்.

மாணவர்களே! நாளை உங்களிற் பலர் தொழிற்கூடங்களுக்குச் செல்வீர்கள். அங்கே அறிவார்ந்த கருவிகள் உங்களை வரவேற்கும். அக்கருவி காட்டும் செய்தி இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கு எட்டுகிறதா? எட்டியபின் நிறுத்து என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா? இவ்விரண்டையும் முதலில் கேளுங்கள். இரண்டிற்கும் ஆம் என்ற விடை கிடைக்குமாயின், 1924இல் தறியும் வரைபடமும் தொடங்கிய பணி அங்குத் தொடர்கிறது என்று அறியலாம்.