பிடியரிசியும் படச்சுருளும்

ஊரில் எங்கள் தாய்மார் உலையில் இடுவதற்கு அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த சிறு முட்டியில் போட்டுவைப்பார்கள். கிழமைக்கொருமுறை ஒருவர் சாக்குடன் படலையடியில் வந்து நிற்பார். முட்டி அதில் கவிழ்க்கப்படும். அந்த அரிசி எந்த மடத்துக்குப் போகிறது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது என்பது கொடுத்தவளுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பல கல்விக்கூடங்கள் இவ்வாறு பிடிபிடியாகச் சேர்ந்ததைக் கொண்டே வளர்ந்தன. யாழ்ப்பாணப் பொது நூலகமும் 1933இல் ஒருவர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு வாசகசாலையிலிருந்து பொதுமக்கள் முயற்சியால் வளர்ந்து, 1959இல் பெருங்கட்டடமாகத் திறக்கப்பட்டதே. 1981இல் அது எரியூட்டப்பட்டபோது, நூல் வாசித்தறியாத முதியவர்களும் கண்ணீர் விட்டமைக்குக் காரணம் உண்டு. அது தங்கள் கைப்பணத்தில் எழுந்தது என்பதை அவர்கள் அறிவார்கள்.

பள்ளிக்கூடமும் நூலகமும் இவ்வாறு எழுந்தனவென்றால், ஒரு திரைப்படத்தையும் பிடியரிசியால் ஆக்க முடியுமா? முடியும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உள. அவ்வரலாற்றின் ஒரு கிளை நாம் வாழும் இந்த ஜேர்மனி மண்ணிலேயே முளைத்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

முதலில் அண்மைக்காலச் சான்று ஒன்றைக் காண்போம். 2004ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘ஸ்ட்ரொம்பேர்க்’ என்னும் நகைச்சுவைத் தொடரை நம் பிள்ளைகள் நன்கறிவர். அதனைத் திரைப்படமாக்க விரும்பிய தயாரிப்பாளர்கள், 2011 டிசம்பரில் இரசிகர்களிடமே பணம் கேட்டனர். அவர்கள் வேண்டியது 10 இலட்சம் யூரோ. அதனைச் சேர்க்கப் பல மாதங்கள் ஆகுமென எண்ணியிருந்தனர். ஆனால் ஒரே கிழமையில் முழுத்தொகையும் சேர்ந்துவிட்டது. கொடுத்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். 2014 பெப்ரவரியில் படம் வெளிவந்து 10 இலட்சத்துக்கும் அதிகமானோரால் பார்க்கப்பட்டது. விற்பனையான நுழைவுச்சீட்டுகளின் கணக்குப்படி, பணம் கொடுத்தவர்களுக்கு முதலும் திரும்பிவந்தது, சிறிது இலாபமும் கிடைத்தது. இதற்கு முன்னரே, 2010இல், டிரெஸ்டன் நகரில் ‘ஸ்டார்ட்நெக்ஸ்ட்’ என்னும் இணையத்தளம் தொடங்கப்பட்டிருந்தது. ஒருவர் தம் படைப்புத் திட்டத்தையும் வேண்டிய தொகையையும் அங்கே அறிவிப்பார். குறித்த காலத்துக்குள் அத்தொகை சேராவிடின், கொடுத்தவர்களின் பணம் கொடுத்தவர்களையே சென்றடையும். பொதுமக்களிடம் இவ்வாறு சிறுதொகைகளாகத் திரட்டப்படுவதை மக்கள் நிதி என இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

கருவி புதிது. கருத்தோ மிகப் பழையது. நம் நகரத் தெருக்களில் நாம் நாளும் கடந்துசெல்லும் ரைபைசன் வங்கியின் பெயர்ப்பலகையை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். பிரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைபைசன் என்பவர் றைன் ஆற்றுக்கு அண்மையிலுள்ள வெஸ்டர்வால்ட் பகுதியில் சிறு கிராமங்களுக்குத் தலைவராக இருந்தவர். 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்து ஏழை உழவர்கள் பட்டினி கிடந்தபோது, வசதி படைத்தோரிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, பாண் சுட்டுக் கொடுப்பதற்கு ஒரு சங்கம் அமைத்தார். தருமத்தால் மட்டும் வறுமை தீராது என்பதைப் பின்னர் உணர்ந்தார். 1864இல் ஹெடெஸ்டோர்வ் என்னும் ஊரில், உழவர்களே உறுப்பினர்களாகிய கடன் சங்கத்தை நிறுவினார். ஒரே ஊரவர், ஒருவரையொருவர் அறிந்தவர், ஒருவருக்கொருவர் பொறுப்பானவர் என்பதே அதன் அடித்தளம்.

இச்சங்கங்களின் புகழ் கடல் கடந்தது. சென்னை மாகாண அரசு, பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியை ஐரோப்பிய வேளாண் கடன் முறைகளை ஆராயப் பணித்தது. 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய அறிக்கை, ரைபைசனைப் போன்ற ஒருவரே இந்திய உழவனுக்கு வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தது. 1904இல் இந்தியாவிலும் 1911இல் இலங்கையிலும் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. எம் ஊர்களில் பாட்டன்மார் ஐக்கிய நாணய சங்கம் என்று அழைத்தது இதனையே. மூளாயில் ஒரு வைத்தியசாலையே கூட்டுறவால் எழுந்தது.

இந்தக் கூட்டுறவின் வழியில்தான், 1946இல் குஜராத் மாநிலத்துக் கேடா மாவட்டத்தின் பால் உற்பத்தியாளர்கள், திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் ஆனந்த் நகரில் ஒன்றியம் அமைத்தனர். இடைத்தரகருக்குப் பாலை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பதில்லை என்று அவர்கள் துணிந்ததன் விளைவே பிற்காலத்து அமுல். 1949இல் ஆனந்துக்கு வந்துசேர்ந்த வர்கீஸ் குரியன் அதனைப் பேரியக்கமாக வளர்த்தெடுத்தார். இவ்வியக்கத்தின் கதையைத் திரைப்படமாக்க இயக்குநர் சியாம் பெனகல் விரும்பியபோது, பத்து இலட்சம் ரூபா தேவைப்பட்டது. குரியன் காட்டிய வழி எளிமையானது. சங்கத்தில் ஐந்து இலட்சம் உழவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் 2 ரூபா கொடுத்தால் போதும் என்றார். உழவர்கள் ஒருநாள் பால் பணத்தில் 2 ரூபா குறைவாகப் பெற்றுக்கொள்ள இசைந்தனர். ‘மந்தன்’ என்னும் அப்படம் 1976இல் வெளிவந்தது. கிரீஷ் கர்னாட், ஸ்மிதா பாட்டீல், நசிருதீன் ஷா ஆகியோர் நடித்தனர். தயாரிப்பாளர்கள் ஐந்து இலட்சம் உழவர்கள் என்றே படத்தின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்டது.

அதன்பின் நடந்ததே கருதத்தக்கது. குஜராத்தின் ஊர்களிலிருந்து உழவர்கள் லொறிகளில் கூட்டங்கூட்டமாகத் திரையரங்குகளுக்கு வந்தனர். தங்கள் படத்தைத் தாங்களே பார்க்க வந்தார்கள் அவர்கள். பட்டணத்துப் பணக்காரர் ஒருவர் அதே பத்து இலட்சத்தைக் கொடுத்திருந்தாலும் படம் முடிந்திருக்கும். ஆனால் அந்த லொறிகள் வந்திரா. ஏறத்தாழ அரைநூற்றாண்டு கழிந்து, 2024இல், புதுப்பிக்கப்பட்ட அதன் பிரதி பிரான்சின் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

மந்தனுக்குப் பின்னால் ஒரு பெரிய அமைப்பு நின்றது. அமைப்பு ஏதுமற்ற ஏழைக் கலைஞன் என் செய்வான்? இதற்கு விடை தந்தவர் கேரளத்தின் ஜோன் ஆபிரகாம். ‘அக்கிரகாரத்தில் கழுதை’ என்னும் தமிழ்ப்படத்தை 1977இல் இயக்கி, சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றவர் என்ற வகையில் அவர் நமக்கும் உரியவர். 1984இல் அவரும் நண்பர்களும் ‘ஒடேசா’ என்னும் கூட்டமைப்பைத் தொடங்கினர். ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்தில் வரும் ஒடேசா நகரப் படிக்கட்டுகளை நினைந்து இட்ட பெயர் அது. ஊரூராகச் சென்றனர். சந்தியில் திரை கட்டி, சாப்ளினின் ‘த கிட்’ போன்ற படங்களைக் காட்டினர். பார்த்தவர்கள் இயன்றதைக் கொடுத்தனர். அவ்வாறு சேர்ந்த சில்லறைக் காசுகளால் ஆனதே 1986இல் வெளிவந்த ‘அம்ம அறியான்’. முடிந்த படத்தை வணிகத் திரையரங்குகளுக்கு ஒப்படைக்காது, அதே மக்களிடம் மீண்டும் ஊரூராகக் கொண்டுசென்று காட்டினர்.

அப்படத்தின் கதை ஏதிலிகளாகிய எம் நெஞ்சைத் தொடாது விடாது. பயணம் புறப்பட்ட இளைஞன் ஒருவன் வழியில் ஓர் உயிரற்ற உடலைக் காண்கிறான். அது தன் நண்பர்கள் அறிந்த ஒருவனின் உடல் என்பதை அறிந்ததும், அச்செய்தியை அவனுடைய தாயிடம் சொல்லப் புறப்படுகிறான். வழிநெடுக நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். இறந்த மகனின் செய்தியைத் தாயிடம் எவ்வாறு சொல்வது என்பதை நாம் எவரிடமும் கற்கவேண்டியதில்லை. எம்மில் எத்தனை பேர் நள்ளிரவில் வந்த தொலைபேசி அழைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அதே கேள்வியோடு நின்றிருக்கிறோம்! ஜோன் ஆபிரகாம் 1987 மே மாதத்தில் கோழிக்கோட்டில் மாடியொன்றிலிருந்து தவறி விழுந்து மறைந்தார்.

மக்கள் நிதி எங்கும் வென்றது என்று கூறுவது உண்மையாகாது. 1938இல் வெளிவந்த ‘லா மார்செயேஸ்’ படத்தைப் பிரான்சில் ஜோன் ரெனுவார் எடுத்தபோது, தொழிற்சங்கங்களின் துணையோடு 2 பிராங்க் சீட்டுகள் விற்கப்பட்டன. பின்னர் படம் பார்க்கும்போது அத்தொகை நுழைவுக் கட்டணத்தில் கழிக்கப்படும் என்பது ஏற்பாடு. ஆயினும் எதிர்பார்த்த பணம் சேராமையால், வழக்கமான வணிக முறையிலேயே படத்தை முடிக்க நேர்ந்தது. அண்மைக்காலத்தில் வெற்றிகளும் உண்டு. கன்னடத்தில் பவன்குமார் 2013இல் வெளியிட்ட ‘லூசியா’ 110 பேர் கொடுத்த ஏறத்தாழ 51 இலட்சம் ரூபாவால் ஆனது. தமிழில் லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’ 2019இல் மக்கள் நிதியால் உருவாகி வெளிவந்தது. கண்ணிற் படுவதே தீட்டு என ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் கதை அது. அத்தகைய கதைக்கு வணிக முதலாளி எவரும் எளிதில் பணம் தரமாட்டார் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இனி எம் ஈழத்துத் திரையை நோக்குவோம். 1972இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா ‘குத்துவிளக்கு’ படத்தைத் தயாரித்தார். 1977இல் தர்மசேன பத்திராஜாவின் ‘பொன்மணி’யும், 1978இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ம் வந்தன. இத்தகைய படங்கள் சிலருடைய தனி முயற்சியால் பிறந்தவை. தென்னிந்தியப் படங்களின் வெள்ளத்தில் அவை நின்றுபிடிக்க முடியவில்லை. 1983 ஆடி வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது, பல படச்சுருள்கள் சாம்பலாயின. கொடுத்தவர் சிலரே, காப்பவரும் சிலரே என்றிருந்தமையால், இழப்பை ஈடுசெய்ய எவரும் முன்வரவில்லை.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் இந்நாட்டுக்கு வந்த புதிதில், எங்கள் நகர மண்டபத்தில் நடந்த ஒரு விழாவில், அகதி வாழ்வைப் பற்றிய படம் எடுக்கப்போவதாகக் கூறி ஒருவர் பணம் திரட்டினார். உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த பணத்தில் 50 மார்க் கொடுத்தேன். பற்றுச்சீட்டும் தந்தார்கள். மார்க் போய் யூரோ வந்தது. படம் வரவில்லை, கணக்கும் வரவில்லை. அந்தச் சீட்டு இன்றும் என் பழைய நாட்குறிப்பினுள் இருக்கிறது. இழந்த 50 மார்க்கைவிட, அதன்பின் நேர்மையோடு வந்து கேட்ட இளைஞர்களையும் வெறுங்கையோடு அனுப்பினேனே, அதுவே எனக்குப் பெருந்துயர்.

சென்ற ஆண்டு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையொன்று என்னிடம் கேட்டது: “சேர், அப்பப்பா எப்படி ஜேர்மனிக்கு வந்தவர்? அதைக் காட்டுற படம் ஏதும் இருக்கா?” 1980களில் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, எல்லை கடந்து மேற்கு பேர்லினுக்குள் வந்து சேர்ந்த முதல் தலைமுறையினரைப் பற்றிச் சொன்னேன். சொல்லத்தான் முடிந்தது. அப்பிள்ளையின் கையில் கொடுப்பதற்கு என்னிடம் ஒரு படமும் இருக்கவில்லை. அவ்வழியால் வந்தவர்கள் இன்று முதுமையடைந்து, ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள்.

எமக்குக் கொடுக்கத் தெரியாததன்று. கோயிலுக்கும், ஊர்ச் சங்கத்துக்கும், பாதிக்கப்பட்ட உறவுகளுக்கும் இரவு வேலை செய்து கொடுத்தவர்கள் நாம். கேட்கும் முறையும் கணக்குக் காட்டும் முறையுமே தவறிப்போயின. மேற்கூறிய வரலாறு நமக்கு உணர்த்துவன நான்கு. தொகை சிறிதாகவும் கொடுப்போர் பலராகவும் இருத்தல் வேண்டும். குறித்த தொகை சேராவிடின் பணம் திரும்புதல் வேண்டும். சேர்ந்தால் ஒவ்வொரு சதத்துக்கும் எழுத்தில் கணக்கு வேண்டும். படம் முடிந்ததும் முதற்காட்சி பெரிய மனிதர்களுக்கு அன்றிக் கொடுத்தவர்களுக்கே காட்டப்படல் வேண்டும்.

பிடியரிசி வாங்க வந்தவர் படலைக்கு வெளியே நின்றார். ஆயினும் அவர் எந்த ஊரவர், யார் மகன் என்பது எம் தாய்மாருக்குத் தெரிந்திருந்தது. எம் இளைஞர் ஒருவர் நாளை படக்கருவியோடு உங்கள் கதவைத் தட்டினால், முதலில் கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். அது நேராயிருப்பின், ஒரு பிடி கொடுங்கள். நானும் கொடுப்பேன்.