மூவாயிரம் மைல் வழக்கம்

1928 மாடலாக வெளிவரத் தொடங்கிய ஃபோர்டு மாடல் ஏ காரின் கையேடு, 500 மைலுக்கு ஒருமுறை இன்ஜின் ஆயிலை மாற்றச் சொன்னது. அதாவது சுமார் 800 கிலோமீட்டர். அந்தக் காலத்துக்கு இது மிகையான எச்சரிக்கை அல்ல. அந்த இன்ஜினுக்கு ஆயில் ஃபில்டரும் கிடையாது, ஏர் ஃபில்டரும் கிடையாது. மண்சாலைப் புழுதி கார்புரேட்டர் வழியே நேராகச் சிலிண்டருக்குள் போயிற்று. குளிரில் சோக்கை இழுத்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழிறங்கி ஆயிலை நீர்க்கச் செய்தது. எரிதலில் பிறக்கும் நீராவி உள்ளேயே குளிர்ந்து, பெட்ரோலிலிருந்து வந்த கந்தகத்தோடு சேர்ந்து அமிலமானது. ஆயிலோ கச்சா எண்ணெயிலிருந்து வடித்துச் சுத்திகரித்த வெறும் எண்ணெய்தான். அழுக்கைத் தன்னுள் தாங்கி நிற்கும் திறன் அதற்கு இல்லாததால், எல்லாம் கசடாக அடியில் படிந்தது.

இந்தக் குறைகள் ஒவ்வொன்றாகத் தீர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1920களில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் உருவாக்கிய பியூரோலேட்டர் ஆயில் ஃபில்டர் வந்தது. 1930களின் டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் ரிங்குகள் கரி பிடித்து ஒட்டிக்கொண்டதால், கரியைக் கழுவும் சேர்க்கைப் பொருள்கள் ஆயிலில் புகுந்தன. 1940களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட ஒரு சேர்மம் சேர்ந்தது. பேரிங்குகள் அரிக்காமலும் ஆயில் கெடாமலும் காக்கவே அது முதலில் கலக்கப்பட்டது. தேய்மானத்தைத் தடுப்பதில்தான் அதன் பெரிய பலம் என்பது பிறகே தெளிவானது. 1960களில் கிராங்க்கேஸ் ஆவியை உறிஞ்சி மீண்டும் எரிக்கும் வால்வு, 1970களில் ஈயமில்லாப் பெட்ரோலும் செயற்கை ஆயிலும், 1980களில் சோக்குக்கு விடைகொடுத்த எரிபொருள் இன்ஜெக்‌ஷன் என்று மற்றவையும் வந்து சேர்ந்தன.

ஆனால், அமெரிக்காவில் இதற்கிடையே வேரூன்றிவிட்ட 3,000 மைல் வழக்கம் அசையவில்லை. சாதாரண ஓட்டத்துக்கு 7,500 மைல் போதும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் கையேடுகளே சொன்ன காலத்திலும், வண்டியைக் கண்ணாகக் காத்தவர்கள் 3,000-ஐ விடவில்லை. பத்து நிமிடத்தில் ஆயில் மாற்றித் தரும் கடைகள் ஊருக்கு ஊர் பெருகின. அடுத்த தேதியைக் குறித்து அவை முன்கண்ணாடியில் ஒட்டிய சீட்டு, கையேட்டைவிட அதிகம் படிக்கப்பட்டது.

அடிக்கடி மாற்றுவதால் செலவு கூடும். இன்ஜினுக்குக் கேடில்லை என்பதே அன்றைய பொது நம்பிக்கை. ஃபோர்டு, கோனோகோபிலிப்ஸ் நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதை அசைத்தது. ஓடிப் பழகிய ஆயில், புது ஆயிலைவிட வால்வு இயக்கப் பாகங்களின் தேய்மானத்தை நன்றாகத் தடுத்தது. 3,000 மைல் ஓடிய ஆயிலிலேயே இந்த முன்னேற்றம் தெரிந்தது. 15,000 மைல் வரை அது நீடித்தது.

காரணம் இரும்பின் மேற்பரப்பில் இருக்கிறது. வெப்பத்திலும் உராய்விலும் அந்தத் துத்தநாகச் சேர்மம் சிதைந்து, கேம் போன்ற பாகங்களின் மேல் கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாகப் படிகிறது. அதன் தடிமன் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். உலோகத்தை உலோகம் தின்னாமல் காப்பது அதுவே. புது ஆயிலில் கழுவும் பொருள்கள் முழு வீரியத்தோடு இருப்பதால், அவையும் அதே மேற்பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. ஆயில் ஓட ஓடத்தான் படலத்தின் சேர்க்கை மாறி வலுப்பெறுகிறது.

இதை வைத்துப் புது ஆயில் இன்ஜினைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. வேறுபாடு குறிப்பிட்ட சில பாகங்களில் அளந்து அறியும் அளவிலானது. அடிக்கடி ஆயில் மாற்றியதால் மட்டும் இன்ஜின் பாழாவதில்லை. ஆயில் மாற்றியவுடன் ஆய்வுக்கு எடுக்கும் மாதிரியில் இரும்புத் துகள் ஓடிய தூரத்துக்கு மீறித் தெரிந்தால், அதில் ஒரு பங்கு இன்ஜினுக்குள் தங்கிப்போன பழைய ஆயிலுடையது. மறுபக்கம், மாற்றாமலே விடுவது நிச்சயமான கேடு. அமிலத்தை முறிக்கும் காரப் பொருள் தீர்ந்து, அழுக்கைத் தாங்கும் திறன் நிரம்பிவிட்டால், 1928-இன் கசடு மீண்டும் படியும்.

இன்றைய கார்களில் பல, மைலை மட்டும் எண்ணுவதில்லை. இன்ஜின் வெப்பம், சுழற்சி, குளிரில் கிளப்பிய தடவைகள் ஆகியவற்றைக் கணக்கிட்டு மாற்றும் நேரத்தைச் சொல்கின்றன. கலிஃபோர்னியா அரசே 3,000 மைல் வழக்கத்தைக் கைவிட்டுக் கையேட்டைப் பார்க்கும்படி பிரசாரம் செய்தது. இன்ஜின் சூடாகும் முன்பே அணைக்கப்படும் குறுந்தூர ஓட்டத்துக்கும், புழுதிச் சாலைக்கும், பாரம் இழுக்கும் வண்டிக்கும் கையேடுகள் இன்னமும் குறுகிய இடைவெளியையே விதிக்கின்றன.