கர்ஜனையில் ஒரு பிரகரணம்: ருத்ராவின் 2009ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு

சிங்கப்பூரில் தமிழ் வம்சாவளி இளைஞர்கள் 1992இல் தொடங்கிய ருத்ரா குழு, தன் இசைக்கு 'வேத மெட்டல்' என்று பெயரிட்டுக்கொண்டது. குழுவைப் பற்றிய பேச்சும் அந்தப் பெயரையே சுற்றிவருகிறது. இசையியலாளர் யூஜின் டைரியநாதன் 2009இல் வெளியிட்ட ஆய்வு, சிங்கப்பூர்த் தென்னிந்தியரின் அடையாளச் சிக்கலாக இவ்விசையை அணுகியது. மிகவும் தேவையான ஆய்வு அது. ஆனால் அதே ஆண்டில் வந்த 'பிரம்மவித்யா: டிரான்சென்டென்டல் 1' தொகுப்பை அடையாளச் சான்றாக மட்டும் கேட்டால் அதன் கட்டமைப்பு நழுவிவிடும். அது ஒரு வேதாந்தப் பிரகரண நூலின், அதாவது வேதாந்தக் கருத்துகளைப் படிப்படியாக அறிமுகப்படுத்தும் சிறுநூலின், முறையில் அமைந்தது என்பதே என் வாதம்.

பாடல்களின் வைப்புமுறையே இதற்குச் சான்று. 'அம்ருதஸ்யபுத்ர' என உபநிடத விளியோடு தொகுப்பு தொடங்குகிறது. பிறகு ஆதிசங்கரருக்கு வணக்கம், குருக்ஷேத்திரத் தேர்த்தட்டு, பிறவியோடு வரும் அறியாமை, அவித்யா நிவர்த்தி எனப்படும் அறியாமை நீக்கம். இறுதிப் பகுதியில் அஷ்டாவக்கிரரும், காணப்படுவதை விலக்கிக் காண்பவனைச் சுட்டும் விசாரமும் வருகின்றன. குரலும் பாஸ் கிதாரும் கதிருடையவை. அவர் வேதாந்தம் கற்பிப்பவர் என்பதால் இவ்வரிசையைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

ருத்ரா பாடும் டெத் மெட்டலின் உறுமலில் சொல் புரியாதே, தத்துவம் எப்படிச் சேரும் என்பது நியாயமான ஆட்சேபம். தேர்த்தட்டுப் பாடலான 'ஹிம்ஸ் ஃப்ரம் த பிளேஸிங் சாரியட்' இதற்கு விடை தருகிறது. அதில் ஓதப்படும் கீதையின் அனுஷ்டுப் சுலோகத்துக்குப் பாதத்துக்கு எட்டெழுத்து, மொத்தம் முப்பத்திரண்டு. நான்கெண்ணிக்கைத் தாளத்தில் சுழலும் கிதார் ரிஃபின் மேல் அது தட்டுத்தடையின்றி அமரும். ஓதுதலின் வீச்சு சில சுரங்களே. ரிஃபும் கீழ்த்தந்தியின் ஒற்றைச் சுரத்தைச் சுற்றியே உழல்வது. இரண்டையும் இணைக்க ஒத்திசைவு அடுக்குகள் தேவைப்படவில்லை.

தவிர, பாரதக் கதையில் கரகரத்த உரத்த குரல் நமக்குப் புதிதா என்ன?  நான் வசிக்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் வடதமிழகமெங்கும் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பாரதக்கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது. 'பதினெட்டாம் போர்' கூத்தில் துரியோதனன் வேடக்காரர் அடித்தொண்டையிலிருந்து எழுப்பும் முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ருத்ராவின் குரல் அந்நியமாக ஒலிக்காது. மேற்கத்திய மெட்டல் ரசிகரைவிட நமக்கே அது எளிதில் பிடிபட வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இத்தொகுப்பின் மொழி ஆங்கிலமும் வடமொழியும். அத்வைதத்தை ஆசிரியரும் மாணாக்கரும் உரையாடும் முறையிலேயே விளக்கும் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் தமிழில் இருக்கிறது. தத்துவ விளக்கம், சந்தேகம் தெளிதல் என்று இரண்டு படலங்கள். வினாவும் விடையுமாக நகரும் அந்த இரண்டாம் படலம், உறுமலும் ஓதுதலும் மாறிமாறி வரும் இவ்வகை இசைக்கு இயல்பாகவே பொருந்தக்கூடியது. ருத்ரா அதைத் தொடாமல் கடந்துவிட்டது.