கயிறு கட்டிய விடுதலை

சிறைக்கு வெளியே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வெளியே இருப்பதில்லை. உங்களையோ என்னையோ போலீசார் பிடித்தால், குற்றத்தை நிரூபிக்கும் பாரம் சர்க்காருடையது. நன்னடத்தை நிபந்தனையின் பேரில் விடப்பட்டவனைப் பிடித்தாலோ, புது வழக்கு கோர்ட்டு ஏறுமுன்பே பழைய தண்டனை எழுந்து உட்கார்ந்துவிடும்.

அமெரிக்காவில் ஸ்கார்பெல்லி என்பவனுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1965 ஜூலையில், விஸ்கான்ஸின் மாநிலத்தில், ஆயுதத்துடன் கொள்ளையடித்த குற்றத்தை அவன் ஒப்புக்கொண்டான். நீதிபதி 15 வருஷச் சிறை விதித்தார். அதை நிறுத்திவைத்து, 7 வருஷம் அதிகாரியின் கண்காணிப்பில் இருக்கச் சொன்னார். ஆகஸ்டு 5-ந் தேதி, பக்கத்து மாநிலமான இல்லினாயில் அவனைக் கண்காணிப்புக்கு ஏற்றுக்கொண்டார்கள். மறுநாளே, ஒரு வீட்டில் திருடும்போது அகப்பட்டான் என்று இல்லினாய் போலீசார் கைது செய்தார்கள்!

குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்றார்கள் போலீசார். பலவந்தத்தால் சொன்ன பொய் வாக்குமூலம் என்று பின்னால் அவன் சொன்னான். எது மெய்? விசாரிப்பார் இல்லை. செப்டம்பர் 1-ந் தேதி இலாகா கண்காணிப்பை ரத்து செய்தது. 4-ந் தேதி பழைய 15 வருஷத்தை அநுபவிக்கச் சிறைக்குள் போனான்.

மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 1968 டிசம்பரில், ஆட்கொணர்வு மனுப் போட்டான். அது மெல்ல மெல்ல உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. இதற்கிடையில், 1972-ல், மோரிஸ்ஸி என்ற பரோல் கைதியின் வழக்கில் அந்த நீதிமன்றமே ஒரு முக்கியமான தீர்ப்பளித்தது. பரோலில் இருப்பவன் வேலைக்குப் போகிறான், குடும்பத்தோடு வாழ்கிறான். நிபந்தனையுள்ள சுதந்திரமானாலும் அதுவும் சுதந்திரமே, விசாரிக்காமல் பறிக்கலாகாது என்றார் தலைமை நீதிபதி பர்கர். 1973 மே 14-ல் ஸ்கார்பெல்லிக்கும் அதே நியாயம் கிடைத்தது. பிடித்து வைக்கக் காரணம் உண்டா என்று முதலில் ஒரு விசாரணை. விடுதலையை ரத்து செய்யுமுன் இன்னொன்று. அவன் தன் கட்சியைச் சொல்லலாம், சாட்சிகளை அழைக்கலாம். சர்க்கார் செலவில் வக்கீல் மட்டும் எல்லோருக்கும் இல்லை; வழக்கைப் பொறுத்தது.

இத்துடன் கயிறு அறுந்துவிடவில்லை. புதுக் குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். விடுதலையை ரத்து செய்ய அவ்வளவு தேவையில்லை. ஆகவே ஒரே சம்பவத்துக்கு, ஜூரிகள் நிரபராதி என்று அனுப்பியவனையும் அங்கே பல மாநிலங்களில் பழைய தண்டனைக்காகச் சிறையில் அடைக்க முடியும். சட்டப்படி அது புதுத் தண்டனை அல்ல, பழைய பாக்கி. உள்ளே போகிறவனுக்கு இரண்டும் ஒரே கதவுதான்.