வரைபடமும் பேரேடும்

ஒரு புற்றுநோய்க்குக் கிருமிதான் காரணம் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அந்த நோய் எங்கெங்கே வருகிறது? கிருமி, நோய் இரண்டில் எது முந்தி வந்தது? முதல் கேள்வியின் பின்னால் போனவர், உகாண்டாவில் பணியாற்றிய அயர்லாந்து அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட். இரண்டாவதைத் தொடர்ந்தவர், தைவானில் ஆய்வு நடத்திய அமெரிக்க மருத்துவர் பால்மர் பீஸ்லி.

1957இல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில், தாடையின் நான்கு பக்கமும் வீங்கிய ஒரு சிறுவனை பர்கிட் பார்த்தார். சில வாரங்களில் ஜிஞ்சா ஊரில் அதே வீக்கத்தோடு இன்னொரு குழந்தை. அது அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. 1961இல் இரண்டு மருத்துவ நண்பர்களோடு ஒரு பழைய ஃபோர்டு காரில் கிளம்பி, 10 வாரத்தில் சுமார் 16,000 கிலோமீட்டர் சுற்றினார். வழியிலுள்ள மருத்துவமனைகளில் கட்டியின் படங்களைக் காட்டி, 'இப்படிப்பட்ட குழந்தைகள் வருகிறார்களா?' என்று கேட்டார். நிலநடுக்கோட்டை ஒட்டிய மேட்டுநிலங்களில் சுமார் 5,000 அடிக்கு மேல் நோய் இல்லை. தெற்கே போகப் போக அந்த எல்லை கீழே இறங்கியது. அப்படியானால் நோய்க்கு வரம்பு கட்டுவது உயரமன்று, வெப்பமும் மழையும் என்று அவர் கண்டுகொண்டார்.

பீஸ்லி ஊர் ஊராக அலையவில்லை. 1970களில் தைவானில் 22,707 ஆண் அரசு ஊழியர்களின் இரத்தத்தைச் சோதித்து, ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்கள் யார், சுமக்காதவர்கள் யார் என்று முன்கூட்டியே பிரித்து எழுதிவைத்தார். சுமந்தவர்கள் 3,454 பேர். பிறகு காத்திருந்தார். ஊழியர் காப்பீட்டுப் பதிவுகள் இருந்ததால் எந்த மரணமும் எளிதில் கண்ணுக்குத் தப்பவில்லை. 1981இல் வெளியான கணக்குப்படி கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 41 பேர். அவர்களில் 40 பேர் வைரஸைச் சுமந்தவர்கள். ஆபத்து 200 மடங்குக்கு மேல். புற்றுநோய் வந்ததால்தான் வைரஸ் ஒட்டிக்கொண்டது என்ற வாதத்துக்கு அதன் பிறகு இடமில்லை.

ஆய்வுமுறை இப்படி வேறுபட்டதற்கு ஆய்வாளரின் சுபாவத்தைவிடக் கிருமியின் சுபாவமே பெரிய காரணம். பர்கிட்டின் உரையைக் கேட்ட ஆந்தனி எப்ஸ்டீன் குழுவினர் அக்கட்டியின் செல்களில் 1964இல் கண்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ், உலகின் பெரியவர்களில் 10க்கு 9 பேருக்கு மேல் இருக்கிறது. சுமப்பவர், சுமக்காதவர் என்று இரண்டு பத்தி போட்டால் ஒரு பத்தி ஏறத்தாழ வெறுமையாகவே கிடக்கும். உலகெங்கும் உள்ள கிருமி சில இடங்களில் மட்டும் குழந்தைகளைக் கொல்கிறது என்றால் அங்கே அதற்கு ஒரு துணை இருக்க வேண்டும். பர்கிட்டின் வரைபடம் காட்டியது அந்தத் துணையைத்தான். அவர் வரைந்த எல்லை, மலேரியா ஓயாமல் இருக்கும் நிலத்தின் எல்லையோடு பொருந்தியது. தைவானிலோ பேரேட்டில் இருந்தவர்களில் 100க்கு 15 பேர்தான் வைரஸைச் சுமந்தார்கள். ஆகவே இரண்டு பத்திகளும் நிரம்பின, வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

பலனிலும் வேறுபாடு உண்டு. பர்கிட்டின் நோயாளிக் குழந்தைகளில் பலருக்கு மருந்திலேயே கட்டி கரைந்தது. ஆனால் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு இன்றுவரை தடுப்பூசி புழக்கத்தில் இல்லை. பீஸ்லி குழுவினரோ, வைரஸ் பெரும்பாலும் பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து சேய்க்குப் போகிறது என்பதையும் காட்டியிருந்தார்கள். ஐம்பது வயதில் கொல்லும் நோய்க்குப் பிறந்த அன்றே காப்புப் போடலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. தைவான் 1984இல் வைரஸைச் சுமக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986இல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடத் தொடங்கியது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே கல்லீரல் புற்றுநோய், 1990களின் முற்பகுதிக்குள் ஒரு லட்சத்துக்கு 0.70இலிருந்து 0.36 ஆகப் பாதியாகக் குறைந்தது.

சான்றின் வலிமையில் பீஸ்லியின் பேரேடே மேல். ஆனால் எந்த நோய்க்குப் பேரேடு திறப்பது என்பதை முதலில் யாரோ ஒருவர் நடந்து, பார்த்து, விசாரித்துச் சொல்ல வேண்டும். ஒரு குழந்தையின் வீங்கிய தாடையைப் பார்த்து, 'இன்னும் எங்கே?' என்று கேட்டுப் புறப்பட்ட பர்கிட்டைப் போன்றவர்கள் அதனால்தான் எக்காலத்துக்கும் தேவைப்படுகிறார்கள்.